தேதியில்லாத துண்டு

1954ஆம் வருடம் தமிழ் நாளிதழ் அச்சான காகிதம் கப்பலில் வந்த காகிதம். உள்நாட்டில் அதற்கென்று ஆலை ஓடவில்லை. மத்தியப் பிரதேசத்து நேபாநகர் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது 1955இல். அதுவரை கனடாவிலும் ஸ்காண்டிநேவிய நாடுகளிலும் அரைத்த மரக்கூழ், உருளை உருளையாகத் துறைமுகத்தில் இறங்கி அச்சகத்துக்குப் போனது. கரும்புச் சக்கையில் புகளூர் ஆலையும், ஈற்றை மூங்கிலையும் யூகலிப்டஸையும் கூழாக்கிக் கோட்டயம் மாவட்டத்து வெள்ளூர் ஆலையும் நாளிதழ்க் காகிதம் செய்ய ஆரம்பித்ததெல்லாம் 1980களில்.

எந்த நாட்டுக் காகிதமானாலும் நாளிதழுக்கு வருவது மலிவுச் சரக்குதான். மரத்தை ரசாயனத்தில் வேகவைத்துச் சுத்தம் செய்ய நேரமும் செலவும் ஆகும் என்பதால் கட்டையை அப்படியே அரைத்துவிடுவார்கள். மர நாரைப் பிணைத்துவைக்கும் லிக்னின் கூழிலேயே தங்கிவிடுகிறது. வெளிச்சமும் காற்றும் பட்டால் அது மஞ்சளாகும், பிறகு பழுப்பாகும், கூடவே அமிலம் சுரக்கும். அந்த அமிலம் நாரை அறுக்கும். காலையில் படித்துச் சாயங்காலம் கடையில் பொட்டலம் மடிக்கத்தான் அதைச் செய்தார்கள். ஒரு நாள் ஆயுசு போதும் என்று செய்த பொருளை எழுபது வருடம் காப்பாற்ற வேண்டும் என்று பிற்பாடு நாம் ஆசைப்பட்டோம். ஆவணக் காப்பகத்தில் நறுக்குகளோடு மல்லுக்கட்டுகிறவர்களின் தொல்லையெல்லாம் இந்த ஆசையில் தொடங்குகிறது.

அப்படிப்பட்ட காகிதத்தில், 1954 ஜூலையில், பீர்மேடு பற்றி ஒரு பத்திச் செய்தி அச்சாகிறது என்று வைத்துக்கொள்வோம். குறிப்பிட்ட ஒரு துண்டின் சரித்திரம் இல்லை இது. அந்தக் கோடையிலும் மழையிலும் கத்தரிபட்ட துண்டுகளுக்கெல்லாம் பொதுவாக என்ன நேர்ந்தது என்று பார்ப்பதுதான் நோக்கம்.

அந்த ஜூலை சாதாரண ஜூலை இல்லை. திருவிதாங்கூர்–கொச்சி ராஜ்யத்தில் தமிழ் பேசும் ஒன்பது தாலுகாக்களை, அதாவது தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு, நெய்யாற்றின்கரை, செங்கோட்டை, தேவிகுளம், பீர்மேடு, பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூர் ஆகியவற்றைச் சென்னை ராஜ்யத்தோடு சேர்க்க வேண்டும் என்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்டுக்கொண்டிருந்தது. தடையை மீறித் தேவிகுளம் போன அக்கட்சியின் நேசமணியும் தோழர்களும் கைதானார்கள். ஆகஸ்டு 11ஆம் தேதி மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு. பட்டம் தாணு பிள்ளை அப்போது முதலமைச்சர். அவர் சார்ந்த பிரஜா சோஷலிஸ்ட் கட்சிக்குள்ளிருந்தே ராம் மனோகர் லோகியா அவரைப் பதவி விலகச் சொன்னார்.

இந்தச் செய்திகளைச் சொல்வதற்கென்றே பிறந்த நாளிதழ் ஒன்று உண்டு. இன்றைக்கு அதைத் தமிழ்நாட்டுப் பத்திரிகையாகத்தான் எல்லாரும் அறிவோம். டி.வி. ராமசுப்பையர் 1951 செப்டம்பரில் 'தினமலர்' தொடங்கியது திருவனந்தபுரத்தில். திருவிதாங்கூர்த் தமிழர்களின் குரலாக அங்கே அச்சாகி, எல்லை பிரிந்த பிறகு 1957இல் திருநெல்வேலிக்குக் குடிபெயர்ந்தது. 1942இல் மதுரையில் ஆதித்தனார் தொடங்கிய 'தினத்தந்தி'யும் களத்தில் இருந்தது. சென்னையில் ம.பொ.சி.யின் தமிழரசுக் கழகம் எல்லைகளை விடாமல் பேசிக்கொண்டிருந்தது.

பீர்மேடு 3,000 அடி உயரம். அதற்கு இரண்டு வாசல். மேற்கே கோட்டயத்திலிருந்து கே.கே. ரோடு முண்டக்கயம் தாண்டிக் குட்டிக்கானம் வழியாக ஏறும். கிழக்கே கம்பம், கூடலூர், லோயர் கேம்ப் தாண்டிக் குமுளி மலைப்பாதை ஏறி, வண்டிப்பெரியாறு, பாம்பனார் வழியாக வரலாம். மலையாளப் பத்திரிகைக்கு முதல் வாசல், மதுரைப் பத்திரிகைக்கு இரண்டாவது. ஒரே ஊரைப் பற்றிய ஒரே நாள் செய்தி, இரண்டு மொழியில், இரண்டு வாசல் வழியாக ஏறிவந்து தேயிலைத் தோட்டத்தில் சந்தித்துக்கொள்ளும். லயத்து வாசலில் எழுத்துக் கூட்டத் தெரிந்த ஒருவர் படிக்க, கொழுந்தெடுத்து வந்தவர்கள் சுற்றி நின்று கேட்டால், அந்தத் தாளின் வேலை முடிந்தது. அடுப்பு மூட்ட, அலமாரித் தட்டில் விரிக்க, சுவர் இடுக்கை அடைக்க என்று மற்ற வேலைகளுக்குப் போய்விடும்.

ஆயிரத்தில் ஒரு தாளுக்குத்தான் கத்தரிக்கோல் வாய்க்கும்.

கத்தரிப்பவர் யார் என்பதில்தான் துண்டின் எதிர்காலம் இருக்கிறது. தொழிற்சங்க ஆபீஸில் கத்தரித்தால் 'கூலி, போனஸ்' கட்டில் போய்ச் சேரும். தோட்டத் துரையின் ஆபீஸ் கிளார்க் கத்தரித்தால் 'தொழிலாளர் தொல்லை' என்ற ஃபைல் அதற்காகக் காத்திருக்கும். சென்னையில் ஓர் அரசியல்காரர் வீட்டில் கத்தரித்தால் 'எல்லை'. கோட்டயத்தில் கத்தரித்தால் 'ஹைரேஞ்ச்'. செய்தி ஒன்றுதான். எந்தக் கட்டில் சொருகினார்கள் என்பதிலிருந்து பீர்மேடு அவருக்கு என்னவாக இருந்தது என்று தெரிந்துவிடுகிறது. துண்டில் அச்சாகியிருப்பதைவிட இது முக்கியமான சாட்சி என்பது என் கட்சி. அச்சான செய்தியை வேறெங்காவது முழு நாளிதழில் பிடித்துவிடலாம். கட்டை அவிழ்த்துக் கலைத்துவிட்டால் கட்டியவரின் மனசைத் திரும்பப் பிடிக்க முடியாது.

ஆவணக் காப்பகத் தொழிலில் இது பழைய விதி. ஓரிடத்திலிருந்து வந்த காகிதங்களை மற்றவற்றோடு கலக்காதே என்று 1841லேயே பிரான்சில் அரசு சுற்றறிக்கை போட்டுவிட்டார்கள். வந்த வரிசையையும் மாற்றாதே என்பது பிறகு சேர்ந்துகொண்டது. கடிதம், கணக்கு என்றால் இந்த விதியை யாரும் மீறுவதில்லை. நறுக்கு என்றதும் கை பரபரக்கிறது. 'எல்லாம் பத்திரிகையில் வந்ததுதானே' என்று பிரித்துப்போட்டு, தேதிவாரியாகவோ அகரவரிசையிலோ அடுக்கிவிடுகிறார்கள். அடுக்கியவருக்கு மனநிறைவு. போனது போனதுதான்.

நறுக்கி அடுக்குவதைத் தொழிலாகவே செய்தவர்களும் இருந்தார்கள். பாரிசில் 1879இலேயே 'ஆர்குஸ் த லா பிரெஸ்' என்ற கம்பெனி, காசு கொடுத்தவர்களின் பெயர் வந்த செய்தியைக் கத்தரித்து வீட்டுக்கு அனுப்பியது. நடிகர்களும் அரசியல்வாதிகளும்தான் வாடிக்கை. ஜெர்மனியில் ஹாம்பர்க் துறைமுகத்து வணிகர்களுக்காக 1908இல் தொடங்கிய நிலையம் ஆள்வாரியாக, கம்பெனிவாரியாக, நாடுவாரியாக, சரக்குவாரியாக உலகத்துப் பத்திரிகைகளை நறுக்கிக் கட்டியது. அந்தக் கட்டுகளை அதே தலைப்புகளோடு, அதே வரிசையில் இப்போது இணையத்தில் ஏற்றியிருக்கிறார்கள். கட்டைக் கலைக்காமல் கணினிக்குக் கொண்டுபோக முடியும் என்பதற்கு அது நல்ல உதாரணம்.

நம் பக்கத்தில் கம்பெனி கிடையாது. தனி ஆட்கள்தான். செட்டிநாட்டுக் கோட்டையூர் முத்தையா பெயர்ப்பலகை எழுதும் ஓவியர். ரோஜா ஆர்ட்ஸ் என்பது கடையின் பெயர், அதனால் ரோஜா முத்தையா. புத்தகமும் இதழும் மட்டும் சேர்த்திருந்தால் நூலகம் என்று சொல்லியிருப்போம். கல்யாணப் பத்திரிகை, நாடக நோட்டீசு, கடிதம், நறுக்கு என்று மற்றவர்கள் கூட்டித் தள்ளுவதையும் அவர் எடுத்துவைத்தார். 1992இல் அவர் காலமானபின் சிகாகோ பல்கலைக்கழகம் சேகரிப்பை விலைக்கு வாங்கியது. ஆனால் கப்பலேற்றவில்லை. 1994இல் கோட்டையூரிலிருந்து சென்னைக்கு வந்து, அங்கேயே ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக நின்றது. இப்போது தரமணியில். பொருள் ஊரிலேயே இருக்கட்டும், நுண்படம் உலகம் சுற்றட்டும் என்ற அந்த ஏற்பாட்டை இன்றைக்கு எல்லாரும் பாராட்டுகிறார்கள். பாராட்டுகிற நாம் அன்றைக்கு வாங்கவில்லை என்பதையும் ஓரமாகக் குறித்துக்கொள்ளலாம்.

பீர்மேட்டோடு பொருத்திப் பார்க்க எனக்கு இன்னும் நெருக்கமாகத் தோன்றுகிறவர் இலங்கைக்காரர். யாழ்ப்பாணத்துக் குரும்பசிட்டியில் பிறந்த இரா. கனகரத்தினம். கண்டியில், அதாவது இன்னொரு தேயிலை மலைநாட்டில் இருந்துகொண்டு, தமிழர்களைப் பற்றி எங்கே என்ன செய்தி வந்தாலும் கத்தரித்துச் சேர்த்தார். பல பத்தாண்டு. அதற்கு உலகத் தமிழர் ஆவணக் காப்பகம் என்று பெயர் வைத்தார். ஆவணஞானி என்று ஊர் அவரை அழைத்தது. கத்தரித்ததோடு நிற்காமல் நுண்படமாகவும் எடுத்தார். யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் 97,000 நூல்களோடு எரிந்த நாடு அது. ஒரே பிரதியை நம்பக்கூடாது என்று அங்கே யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

மலைக்குத் திரும்பலாம். துண்டு கத்தரிபட்டாயிற்று, ஒட்ட வேண்டும். பழைய கணக்கு நோட்டு ஒன்று கிடைக்கும். மைதாவைக் காய்ச்சிப் பசை. பூச்சி வராமல் இருக்கச் சிலர் துளி துத்தம் போடுவார்கள். மைதாவுக்கு ராமபாணப் பூச்சி வரும், பசையை நக்கும்போது எழுத்தையும் சேர்த்துத் தின்னும். துத்தம் போட்டால் பூச்சி தள்ளி நிற்கும், ஆனால் செப்பு உப்பு காகிதத்தைத் தன் பங்குக்கு அரிக்கும். குண்டூசி குத்தினால் இரண்டாவது மழைக்காலத்துக்குள் துரு வளையம். செல்லோடேப் இருக்கிறதே, அது எல்லாவற்றையும்விட மோசம். டேப் காய்ந்து உதிர்ந்துபோகும், அதன் பசை மட்டும் தாளுக்குள் இறங்கி மஞ்சள் பட்டையாக நிலைத்துவிடும். எந்தக் கரைப்பானுக்கும் சுலபத்தில் அசையாது.

இதோடு பீர்மேட்டு மழை. கேரளத்திலேயே அதிகம் நனையும் ஊர்களில் ஒன்று. ஜூனில் பிடித்தால் துணி காய்வதற்கு ஓணம் வரவேண்டும். காற்றில் ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டினாலே காகிதத்தில் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும். பீர்மேட்டின் பருவமழை மாதங்களில் அந்த அளவு கீழே இருப்பது அபூர்வம். குமுளி இறக்கத்தில் இறங்கினால் கம்பம் பள்ளத்தாக்கு மழை மறைவுப் பிரதேசம். ஒரே நோட்டைப் பாதி கிழித்து மலை மேலே ஒரு வீட்டிலும் பள்ளத்தாக்கில் ஒரு வீட்டிலும் வைத்தால், கீழே இருப்பது மொறமொறவென்று உடையும், மேலே இருப்பது ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும். இரண்டுக்கும் வைத்தியம் வேறு. உடைகிறதை மெல்ல ஈரம் கொடுத்து நிமிர்த்த வேண்டும். கட்டியானதைக் குளிரில் வைத்துப் பூஞ்சணத்தை அடக்கி, பிறகு ஏடு ஏடாகப் பிரிக்க வேண்டும்.

இடுக்கி ரோட்டோரக் கடைகளில் விற்கும் புல்தைலத்தைத் தடவினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. ஓலைச்சுவடிக்கு அது நல்ல மருந்துதான், ஓலையை மெதுவாக்கும், பூச்சியை விரட்டும். நாளிதழ்த் தாளில் எண்ணெய் பட்டால் கறை. அமிலத்தை அது ஒன்றும் செய்யாது. 1950களில் புதுதில்லி தேசிய ஆவணக் காப்பகத்தில் கோயல் என்பவர் கண்டுபிடித்த முறையும் இப்படித்தான் ஆனது. அசிட்டேட் படலத்தைத் தாளின் இரு பக்கமும் வைத்து அசிட்டோன் தொட்டுத் துடைத்தால் ஒட்டிக்கொள்ளும், எந்திரம் வேண்டாம். ஏழை நாடுகளுக்கு ஏற்றது என்று பரவியது. படலமும் காலப்போக்கில் கெடும் என்பது தெரிந்தபின் கைவிட்டார்கள்.

இப்போது செய்வது எளிய காரியங்கள்தான். குண்டூசி, கிளிப், ரப்பர் பேண்டு எல்லாம் முதலில் வெளியே. துண்டை அமிலமில்லாத உறைக்குள் படுக்கவைத்து, பக்கத்துத் துண்டோடு ஒட்டாமல் இடைத்தாள் வைப்பது. செய்தியை மட்டும் காப்பாற்றினால் போதும் என்றால் நல்ல காகிதத்தில் நகல் எடுத்து, மூலத்தை இருட்டில் வைப்பது. அமிலம் நீக்கும் சுண்ணாம்புக் குளியல் எல்லாத் துண்டுக்கும் கட்டுப்படியாகாது. யாருக்குக் குளியல், யாருக்கு நகல் என்று பிரிக்கிற அந்த முடிவை ரசாயனம் தெரிந்தவரைவிட ஊர்க்கதை தெரிந்தவர் ஒழுங்காக எடுப்பார்.

நகல் எடுத்தாயிற்றே, மூலம் எதற்கு என்ற கேள்வி அமெரிக்காவில் பெரிய சண்டையாகவே நடந்தது. நுண்படம் எடுத்த கையோடு நூலகங்கள் பழைய நாளிதழ்த் தொகுதிகளை விற்றும் வீசியும் தீர்த்ததை நாவலாசிரியர் நிக்கல்சன் பேக்கர் 2001இல் 'டபுள் ஃபோல்ட்' என்ற புத்தகத்தில் சாடினார். பக்கத்தின் மூலையை முன்னும் பின்னும் மடித்துப் பார்த்து, உடைந்தால் தாள் செத்தது என்று தீர்ப்பெழுதிய சோதனையின் பெயர்தான் தலைப்பு. யாரும் புத்தகத்தின் மூலையை மடித்து மடித்துப் படிப்பதில்லையே என்று கேட்டார். நியாயமான கேள்வி. கறுப்பு வெள்ளை நுண்படத்தில் பென்சில் குறிப்பு மங்கும், சிவப்பு மைக் கோடும் நீலக் கோடும் ஒன்றாகிவிடும். நறுக்கின் ஓரத்தில் ஒருவர் 'பொய்' என்று எழுதியிருந்தால் செய்தியைவிட அந்த ஒரு சொல்லுக்கு விலை அதிகம்.

1956 நவம்பர் 1 வந்தது. தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு நான்கும் செங்கோட்டையில் ஒரு பகுதியும் சென்னை ராஜ்யத்துக்கு. பீர்மேடும் தேவிகுளமும் கேரளத்துக்கு. ஃபசல் அலி தலைமையில் குன்ஸ்ருவும் கே.எம். பணிக்கரும் இருந்த ஆணையம் ஒரு வருடம் முன்பே அப்படித்தான் சொல்லியிருந்தது. தோட்டத்துத் தமிழர் வந்து போகிற கூட்டம் என்ற வாதம் எடுபட்டது. வந்தவர்கள் போகவில்லை என்பதை மூன்றாம் தலைமுறை நாலாம் தலைமுறை லயங்கள் இன்றும் காட்டும். அதன்பின் 'எல்லை' என்ற கட்டில் பீர்மேட்டுத் துண்டு சேர்வது குறையும். பிறகு தமிழ்நாட்டுக் கத்தரிக்கோல் பீர்மேட்டுப் பக்கம் திரும்புவது முல்லைப் பெரியாறுக்காக. 1886இல் 999 வருடக் குத்தகை, 1895இல் கட்டி முடித்த அணை. அது நிற்கும் இடம் பீர்மேடு தாலுகா. நீர்மட்டம் 136 அடியா 142 அடியா என்று உச்ச நீதிமன்றம் 2006இலும் 2014இலும் தீர்ப்பளித்த காலத்தில், இரண்டு மாநிலத்திலும் வெட்டி ஒட்டியவர்களுக்குக் கை ஓயவில்லை.

கோர்ட்டில் அந்தத் துண்டுகளுக்கு மரியாதை குறைவு. தமிழ்நாட்டுக் கொலை வழக்கு ஒன்றில் 1988இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது: பத்திரிகைச் செய்தி கேள்விப்பட்ட சாட்சிதான், எழுதிய நிருபர் கூண்டில் ஏறிச் சொன்னாலொழிய அதில் உள்ளது நிரூபணம் ஆகாது. வரலாற்றாளர் அவ்வளவு கறார் இல்லை. ஆனால் அவருக்கும் இரண்டு விவரம் வேண்டும். எந்தப் பத்திரிகை, எந்தத் தேதி. கத்தரிக்கோல் முதலில் வெட்டி எறிவதும் அந்த இரண்டைத்தான், ஏனென்றால் அவை பக்கத்தின் உச்சியில் இருக்கின்றன. முழு நாளிதழைத் தேடி ஒப்பிடலாம் என்றால் அதிலும் சிக்கல். வெளியாவதில் ஒரு பிரதியைத் தேசிய நூலகங்களுக்கு அனுப்ப வேண்டும் என்ற 1954ஆம் வருடச் சட்டம் முதலில் புத்தகத்துக்கு மட்டும்தான். நாளிதழைச் சேர்த்தது 1956இல் வந்த திருத்தம்.

அதனால் துண்டையே விசாரிக்க வேண்டியிருக்கிறது. செய்தியில் திருவிதாங்கூர்–கொச்சி என்று வந்தால் 1949க்கும் 1956க்கும் நடுவே. பீர்மேடு, கோட்டயம் மாவட்டம் என்று வந்தால் 1972க்கு முன், ஏனென்றால் இடுக்கி மாவட்டம் பிறந்தது அந்த வருடம் ஜனவரி 26. பழைய லை, ணை, றா எழுத்துகள் இருந்தால் பெரும்பாலும் 1978க்கு முந்தியது. ஆனால் 'விடுதலை'யில் சீர்திருத்த எழுத்து 1935லேயே வந்துவிட்டதால், 1954 செய்தி புது எழுத்தில் இருந்தால் பத்திரிகையின் பெயரே கிடைத்த மாதிரி. கணினிக்கு இந்தப் பழைய எழுத்துகள் இன்னமும் தகராறு. படித்துக் கொடுத்ததை மனிதக் கண் திருத்தாமல் தேடுபொறிக்கு விடக்கூடாது. பட்டியலில் பீர்மேடு, பீருமேடு என்ற இரண்டு எழுத்தும் இருக்க வேண்டும், மலையாளத் தலைப்பும் கூட வேண்டும். இல்லாவிட்டால் குமுளிக்கு அந்தப் பக்கத்துத் துண்டு இந்தப் பக்கத்து ஆளுக்குக் கிடைக்காது.

எல்லாவற்றையும்விட அதிகம் பேசுவது துண்டின் பின்பக்கம். அங்கே பாதி விளம்பரம் இருக்கும், பஞ்சு விலை இருக்கும், தலை வெட்டுப்பட்ட வேறொரு செய்தி இருக்கும். சோப்புக்கு அணாவில் விலை போட்டிருந்தால் 1957 ஏப்ரலில் நயா பைசா வருவதற்கு முந்தியது என்று கொள்ளலாம். சினிமா விளம்பரம் என்றால் அதிர்ஷ்டம். 'மலைக்கள்ளன்' வெளியீட்டு விளம்பரம் என்றால் 1954 ஜூலை, 'தூக்குத் தூக்கி' என்றால் ஆகஸ்டுக் கடைசி. நேசமணி கைதான செய்தியின் முதுகில் எம்.ஜி.ஆர். குதிரையில் உட்கார்ந்திருந்தால் தேதியைச் சில நாள் வித்தியாசத்தில் பிடித்துவிடலாம்.

ஸ்கேன் எடுக்க உட்காரும் பையன்களிடம் இதனால்தான் முதலிலேயே சொல்லிவைக்க வேண்டியிருக்கிறது, வேண்டாதது என்று நினைத்து முதுகை விட்டுவிடாதே என்று. உதிரித் துண்டு என்றால் திருப்பிப் போட்டால் முடிந்தது. நோட்டில் ஒட்டியது என்றால் பசை என்ன என்று பார்க்க வேண்டும். மைதாவாக இருந்தால் ஈரத் தாள் வைத்துப் பொறுமையாக எடுத்துவிடலாம். 1959க்குப் பிறகு கடைக்கு வந்த ஃபெவிகாலை எடுத்து யாராவது பழைய துண்டைப் புது நோட்டில் மறுபடி ஒட்டியிருந்தால், மலைக்கள்ளன் உள்ளேயே இருந்துவிட வேண்டியதுதான்.